மலை நோட்டு

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், கொளத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று உள்ளது. அதன் முன்னறை மாடத்தில் நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையின் மேல் 'மலை' என்ற ஒரு சொல் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். காணிக்கைக் கணக்கோ பயணச் செலவோ உள்ளே இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் உள்ளே இருப்பவை வேறு. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு பக்கங்கள். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் கார்.

முதல் பதிவு 1988 புரட்டாசி. இடப்பக்கத்தில், "ஓடு பார்த்தது. ஆள் 3, நாள் 2. கூடுவாய் ஓடு மாற்றியது. வடக்கு விட்டத்தில் கறையான், மறுபடி பார்க்கவும்." வலப்பக்கத்தில், "பிரேக் பார்த்தது. பின்சக்கரம் இடம், லைனிங் புதிது. ரேடியேட்டர் குழாய் 1. பேன் பெல்ட் பார்த்தது, உபரி 1 வாங்கியது." இரண்டு பக்கங்களுக்கும் அடியில் ஒரே வரி: "மகாளய அமாவாசைக்கு மலை."

நோட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரார் இன்றும் வாத்தியார் என்றே அழைக்கின்றனர். 1984-ஆம் ஆண்டு மாடல் அம்பாசிடர் மார்க் 4 காரை ஒரு மளிகை வணிகரிடமிருந்து 1988-இல் வாங்கினார். நோட்டும் அந்த ஆண்டே தொடங்குகிறது. ஆனால் அதில் பதிவாகியிருக்கும் வழக்கம் காருக்கு முந்தையது. அவருடைய தந்தை காலத்தில் மலைக்குப் பயணம் இரட்டை மாட்டு வண்டியில். புறப்படுவதற்கு முன் மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டும், அச்சுக்கு மசகு போட வேண்டும், வீட்டுக் கூரையில் ஆள் ஏறி இறங்கியிருக்க வேண்டும். "மலைக்குப் போறதுன்னா வீட்டையும் வண்டியையும் பாத்துட்டுத்தான் போகணும்" என்பது தந்தை சொன்ன விதி. காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை.

இவ்விதியைப் புரிந்துகொள்ள மலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு, 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பு வரை, கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வாத்தியாரின் தந்தை வண்டி கட்டிக்கொண்டு சென்ற காலத்தில் அது வேறு மாநிலம் அல்ல. எல்லை மாறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. சேலம், தருமபுரி மாவட்டங்களின் எந்த வகுப்பறை வருகைப் பதிவேட்டை எடுத்தாலும் மாதேஷ், மாதையன், மாதப்பன், மாதம்மாள் என்று அந்த மலையின் பெயர் வரிசையாக நிற்கும். புலி மீது அமர்ந்த மாதேஸ்வரனைக் கன்னடத்தில் 'மாதப்பா' என்பர். கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டி அவர் கதையைப் பாடும் தேவரகுட்டர்களின் மரபு கன்னட நாட்டாரியலில் பெரிதும் பேசப்படுவது. சிவராத்திரி, யுகாதி, மகாளய அமாவாசை, தீபாவளி ஆகிய நாள்களில் மலையில் பெருங்கூட்டம் கூடும்.

இவற்றுள் இவ்வீட்டார் தேர்ந்துகொண்டது மகாளய அமாவாசை. அது புரட்டாசியில் வருவது. அதை அடுத்து ஐப்பசி அடைமழை. மலைக்குச் செல்லும் நாளில் வீடு இரண்டு மூன்று இரவுகள் பூட்டிக் கிடக்கும். பரண் மேல் அவ்வாண்டின் தானியம் இருக்கும். திரும்பி வந்த சில நாள்களில் மழை பிடித்துக்கொள்ளும். எனவே கூரையைப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. வண்டியைப் பார்ப்பதற்குக் காரணம் மலையே. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் கோயில். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பாலாற்றைக் கடந்து ஏற வேண்டும். இது வேலூர்ப் பாலாறு அன்று. எல்லையில் காவிரியோடு சேரும் வேறொரு பாலாறு. மறுபுறம் தாளபெட்டாவுக்கு இறங்கும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மூத்த மகளை மைசூரில் மணம் செய்து கொடுத்த பிறகு, கொளத்தூர் வழியாக ஏறி, தாளபெட்டா வழியாக இறங்கி, அனூர், கொள்ளேகால் கடந்து மைசூர் சென்று மகள் வீட்டில் தங்கித் திரும்புவது குடும்பத்தின் வழக்கமாயிற்று.

நாட்டு ஓட்டுக் கூரையில் ஆணி கிடையாது. விட்டத்தின் மேல் பனங்கைகள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் கவிழ்ந்தும் மலர்ந்தும் அடுக்கிய அரைவட்ட ஓடுகள். ஓட்டின் எடையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய அளவுமே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே அது நகரும் கூரை. பூனை ஓடினால் நகரும், அணில் கூடு கட்டினால் நகரும், காற்றடித்தால் நகரும். நகர்ந்த ஓட்டின் கீழே தண்ணீர் சொட்டுவது உடனே தெரிந்துவிடும். அது தீங்கில்லை, கீழே ஒரு பாத்திரம் வைத்தால் போதும். சொட்டாமல் சரிந்து ஓடி விட்டத்தின் தலையில் ஊறும் நீர்தான் வீட்டை அழிக்கும். அது மண்சுவருக்குள் இறங்கும். ஈர மரத்தைத் தேடிக் கறையான் வரும். இரு கூரைகள் சரிந்து சேரும் கூடுவாயில் இது மிகுதி. எனவே ஆண்டுக்கு ஒருமுறை ஓடுகளை இறக்கி, தட்டிப் பார்த்து, மணி போல் ஒலிப்பதை மட்டும் திரும்ப அடுக்க வேண்டும். விரிசல் கண்ட ஓடு மங்கலாக ஒலிக்கும். விட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் மரம் போய்விட்டது என்று பொருள்.

முன் தாழ்வாரத்தில் மட்டும் சீமை ஓடு. மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை அது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பள்ளமும் மேடும் உடையதால் எளிதில் நகராது. "அது சோம்பேறிக்கான ஓடு" என்பார் வாத்தியார். ஆனால் அதுவும் உடையும்; அதற்கடியிலும் மரம் இருக்கிறது.

கார்ப் பக்கத்துப் பதிவுகளும் இதே போக்கில் அமைந்தவை. மார்க் 4 அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடியை இழக்கும். பெட்ரோல் வண்டியாதலால் ஏற்றத்தில் வேறொரு தொல்லை. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்பு காய்ந்து, குழாயிலேயே எரிபொருள் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். அப்போது அந்தப் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஈரத்துணிக்காகவே ஒரு பழைய துண்டு காரின் பின்பெட்டியில் நிரந்தரமாக இருந்தது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும் அவ்வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டோடு சேர்த்துக் கற்றவை. பயணத்துக்குப் பத்து நாள் முன்பு கார் மேட்டூருக்குப் போகும். மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றுவார். "ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாத்தான் இருக்குது" என்று அவர் சொன்ன ஆண்டுகளிலும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது: "பிரேக் பார்த்தது. மாற்றம் இல்லை."

செலவு ஏதும் ஆகாத வேலையையும் வேலையாகக் கருதி எழுதிவைத்த இவ்வரிகளே நோட்டின் முதன்மையான செய்தி. மாற்றியது, வாங்கியது, பூசியது என்ற வினைகள் சில பக்கங்களில் மட்டும் வருகின்றன. 'பார்த்தது' எல்லாப் பக்கங்களிலும் வருகிறது. தமிழில் வண்டி பார்ப்பவர், வைத்தியம் பார்ப்பவர், வேலை பார்ப்பவர், நாள் பார்ப்பவர் யாவரும் ஒரே வினையால் வாழ்கின்றனர். கண்ணால் காண்பதும், ஆராய்வதும், பழுது நீக்குவதும், பேணுவதும் அதற்குள் அடங்கும். துணைவினையாக வரும்போது அது சோதனையைக் குறிக்கும். தட்டிப் பார், குத்திப் பார், மிதித்துப் பார், ஊற்றிப் பார். முதுமையில் ஒருவருக்கு வேண்டியதும் அதே சொல்லோடு ஒரு துணைவினை சேர்ந்ததுதான்: பார்த்துக்கொள். பராமரிப்பு என்ற சொல் நோட்டில் ஓரிடத்திலும் இல்லை.

1992-க்குப் பிறகு நோட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பதிவே இல்லை. அடுத்த பதிவு 2005.

காரணம் ஊரறிந்தது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பகுதியில் வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். அதன்பின் அந்த மலைக்காடு இரு மாநிலச் சிறப்புக் காவல் படைகளின் களமாயிற்று. மலையில் விசாரணை முகாம் ஒன்று இருந்தது; அங்குக் கொண்டுசெல்லப்பட்டோர் அதை 'ஒர்க் ஷாப்' என்று குறிப்பிட்டனர். கார் பழுது பார்க்கும் இடத்துக்கு உலகம் வழங்கும் அதே சொல். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி ஏ. ஜே. சதாசிவா தலைமையில் அமைத்த குழுவின் முன் மலைவாழ் மக்கள் தாம் பட்ட சித்திரவதைகளைச் சொன்னார்கள். 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் அந்தக் காலத்தைத் தமிழில் பதிவு செய்தது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று கொல்லப்படும் வரை, குடும்பத்தோடு காரில் அந்தச் சாலையில் செல்ல வாத்தியார் துணியவில்லை. மலையில் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால், கீழே ஒரு குடும்பத்தின் ஆண்டுப் பயணம் நின்றது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆயினும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்த வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்கின்றன.

வாத்தியார் அந்நாளில் ஐம்பதைத் தொடாதவர். பணத்துக்கு முடை இல்லை. ஓடு மாற்றும் ஆள்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தனர். மலைக்குப் போகக்கூடாது என்பதுதான் அச்சமே அன்றி, கூரையில் ஆள் ஏறக்கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. எனினும் கூரையில் ஆள் ஏறவில்லை. புரட்டாசி வரும், மலை இல்லை, ஆகவே அவசரமும் இல்லை. தேர்வு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாள் தள்ளிப்போகும். பொங்கலுக்குள் மழையும் முடிந்துவிடும். 1999 மழையில் வடக்குக் கூடுவாய் விட்டம் முறிந்து, ஓடுகள் பரணின் மேல் சரிந்தன. ஆறு மூட்டை நெல் நனைந்தது. அடியில் அன்று எவரும் படுத்திருக்கவில்லை. முறிந்த விட்டத்தை வெட்டியபோது உள்ளே மரம் இல்லை, மண் இருந்தது. 1988-இல் 'மறுபடி பார்க்கவும்' என்று எழுதிய அதே விட்டம். கார் அந்த ஆண்டுகளில் பள்ளிக்கும் மேட்டூருக்கும் ஓடியது. சமவெளியில் எதுவும் தெரியவில்லை. 2005-இல் மீண்டும் மலைக்குப் புறப்படக் கழற்றியபோது பின்சக்கரச் சிலிண்டர்கள் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. எத்தனை ஆண்டுகளாக முன்சக்கரப் பிரேக்கில் மட்டும் ஓடியது என்று எவருக்கும் தெரியாது.

இதிலிருந்து வாத்தியார் எடுத்துக்கொண்ட பாடத்தை 2005 பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "மலைக்குப் போகாவிட்டாலும் அமாவாசை உண்டு."

பெங்களூரில் பணிபுரியும் மகன் இதை மறுப்பவர் அல்லர். ஆனால் அவர் கணக்கு வேறு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. உதிரிபாகம் தேடி ஈரோடும் சேலமும் அலைய வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. ஓடு மாற்றத் தெரிந்த மூவரில் இருவர் இன்று இல்லை. மூன்றாமவர் கூரை ஏறும் வயதைக் கடந்துவிட்டார். தாய்க்கு முழங்கால் வலி, தந்தைக்கு வயது எழுபத்தெட்டு. மழைக்கால இரவில் ஓடு சரிந்தால் யாரை அழைப்பது? ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் இருபது ஆண்டுகள் பார்க்க வேண்டியதில்லை. இவ்வாதத்தில் அன்பு இருந்தது. கணக்கிலும் பெரிய பிழை இல்லை. வாத்தியார் மறுமொழி சொல்லவில்லை. "இந்த வருசம் மலைக்குப் போயிட்டு வந்து பேசலாம் கண்ணு" என்றார்.

2024-இல் மகாளய அமாவாசை அக்டோபர் 2 அன்று வந்தது. காந்தி பிறந்தநாள் விடுமுறை. அம்பாசிடர் வேண்டாம், தன் காரிலேயே போகலாம் என்றார் மகன். வாங்கி நான்கு ஆண்டுகளான தானியங்கிக் கியர் வண்டி. முறையாகச் சர்வீஸ் செய்யப்பட்டது. "பிரேக் பாத்தாச்சா?" என்று கேட்டார் வாத்தியார். "சர்வீஸ் போன மாசம்தான் விட்டேன்பா. ரிப்போர்ட் போன்ல இருக்கு" என்றார் மகன்.

தரிசனம் முடித்து, மலையில் தங்கி, மறுநாள் காலை தாளபெட்டா பக்கம் இறங்கினர். காரில் ஐந்து பேர், பின்னால் மூட்டைகள். கியர்க்கம்பி 'டி'-யில் இருந்தது. சமவெளியில் மகன் அதைத் தொட்டதே இல்லை. பாதி வளைவுகள் கடந்தபோது வண்டிக்குள் ஒரு கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதி வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. அதற்கடுத்து இன்னும் கீழே. மகனின் முகத்தைப் பார்த்த வாத்தியார் குரலை உயர்த்தவில்லை. "எல்லுக்கு மாத்து. விட்டு விட்டு மிதி. அந்தத் திட்டுக்கிட்ட ஓரங்கட்டு."

வண்டி நின்றது. தாய் இறங்கி ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து பின்சக்கரத்தின் அடியில் வைத்தார். நாற்பது ஆண்டுகளாக அது அவருடைய பணி. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன பேரனை வாத்தியார் தடுத்தார். பழுக்கக் காய்ந்த தட்டில் நீர் பட்டால் அது கோணும், வெடிக்கவும் கூடும். முக்கால் மணி நேரம் அனைவரும் சாலையோரத்தில் அமர்ந்திருந்தனர். ஏறி வரும் வண்டிகளுக்கு இறங்கும் வண்டிகள் நின்று வழிவிடுவதைப் பேரன் எண்ணிக்கொண்டிருந்தான். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டத்திலும் உள்ள விதி.

நடந்தது எளிய இயற்பியல். ஆளும் சுமையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, ஏறத்தாழ 14.7 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேனும் போய்ச் சேர வேண்டும். சாதாரண வெப்பத்தில் இருக்கும் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். 'டி'-யில் விட்டுவிட்டால் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் இறங்கும். அங்கிருந்து சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. திரவத்தை அழுத்தினால் அது விசையைக் கடத்தும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவேதான் ஓடிய கிலோமீட்டர் எவ்வளவாயினும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கின்றனர். டயருக்கும் இதே நியாயம். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமலே ரப்பர் கிழடாகும். ஓடாத பொருளுக்கும் வயது உண்டு.

சாலையோரத்தில் மகன் போனை எடுத்துச் சர்வீஸ் அறிக்கையைப் பார்த்தார். முப்பத்தைந்து இனங்களுக்கு எதிரே பச்சைக் குறி. பிரேக் ஆயிலுக்கு எதிரே 'அளவு சரி' என்றிருந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. வயதை எவரும் பார்க்கவில்லை.

மிதி மீண்டும் இறுகிய பிறகு தாழ்ந்த கியரில் ஊர்ந்து தாளபெட்டா வந்து சேர்ந்தனர். கொள்ளேகாலில் பிரேக் ஆயிலை மாற்றினர். அன்றிரவு மைசூரில் மகளின் வீடு. அதுவும் பழையது, நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் கொண்ட தொட்டி மனை. சில ஆண்டுகளுக்கு முன் அதன் சுண்ணாம்புச் சுவர்களின் அடிப்பகுதிக்குச் சிமெண்டு பூசியிருந்தனர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மேலேறி, பூச்சுக்கு மேல் ஆளுயரத்தில் உப்புப் பூத்திருந்தது. சம்பந்தி அதைக் காட்டி வருந்தினார். பூசிவிட்டால் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதில்லை என்று அப்போது சொன்னார்களாம். வாத்தியாருக்குக் கன்னடம் ஓரளவு வரும். சம்பந்திக்குத் தமிழ் ஓரளவு வரும். இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டனர். 'நோடிகொள்ளபேகு' என்றார் சம்பந்தி. பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். தமிழின் 'பார்' செய்யும் பணியைக் கன்னடத்தில் 'நோடு' செய்கிறது. செய்து பார் என்பதற்கு அங்கே 'மாடி நோடு'. பார்த்துக்கொள் என்பதற்கு 'நோடிகோ'. தமிழில் அவ்வினையின் உறவாக 'நோட்டம்' இன்னும் நிற்கிறது. பாலாற்றின் இரு கரையிலும் காண்பதற்கும் காப்பதற்கும் ஒரே வினை.

ஊர் திரும்பிய பின் பேசலாம் என்ற பேச்சு நடந்தது. வாத்தியார் எதிர்பார்த்ததைவிட அதிகம் விட்டுக்கொடுத்தார். அம்பாசிடர் இனி மலையேறாது. மேட்டூர் வரை மட்டும். சமையற்கட்டுக்கும் குளியலறைக்கும் தளம் போடலாம். தாய் வழுக்காமல் நடக்கத் தரையும் மாற்றலாம். நடுவீட்டின் ஓடு மட்டும் இருக்கட்டும். மகனும் ஒன்றை ஏற்றுக்கொண்டார். கான்கிரீட் தளத்தையும் பார்க்கத்தான் வேண்டும். நீர் வடியும் குழாயை ஆண்டுக்கொருமுறை குத்திவிடாவிட்டால் தளத்தில் நீர் தேங்கும். விரிசல் வழி இறங்கிய நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் காரையை உதிர்க்கும். இருபது ஆண்டு பார்க்க வேண்டாத கூரை என்று ஒன்று இல்லை. பார்க்காமல் விட்டாலும் சில காலம் பொறுக்கும் கூரைதான் உண்டு. அந்தப் பொறுமையே ஆபத்து. ஓடு முதல் மழையிலேயே சொல்லிவிடும். ஓடு மாற்றத் தெரிந்த முதியவர் கீழே நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, அவருடைய பேரனும் அவன் நண்பன் ஒருவனும் மேலேறிக் கற்றுக்கொண்டனர்.

நோட்டை மகனிடம் கொடுக்கும் நாளில் சிறு சிக்கல் எழுந்தது. நோட்டு எதற்கு, போனில் ஆண்டுதோறும் நினைவூட்டும்படி வைத்துவிடலாம் என்றார் மகன். அக்டோபர் 2 என்று வைத்தார். அடுத்த ஆண்டு மகாளய அமாவாசை அக்டோபர் 2 அன்று வராது என்றார் வாத்தியார். பஞ்சாங்கத்தைப் புரட்டினர். 2025-இல் அது செப்டம்பர் 21. அதற்கு முந்தைய ஆண்டு, 2023-இல், அக்டோபர் 14. போனின் நாள்காட்டியில் திதியை ஆண்டுதோறும் திரும்பச் செய்யும் வழி மகனுக்கு அகப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் உட்கார்ந்து நாள் பார்த்தே ஆக வேண்டும்.

2025-ஆம் ஆண்டுக்குரிய பக்கம் மகனின் கையெழுத்தில் இருக்கிறது. இடப்பக்கம்: "ஓடு பார்த்தது. ஆள் 2, நாள் 3. கூடுவாய் ஓடு 11. தளத்துக் குழாய் பார்த்தது." வலப்பக்கத்தில் இரண்டு கார்களுக்கும் தனித்தனிப் பத்திகள். புதிய காரின் கீழே: "பிரேக் ஆயில் வயது 1. அடுத்த ஆண்டு மாற்றவும்." அதற்கும் கீழே, வீட்டுக்கும் காருக்கும் சேராத ஒரு வரி, முன்னைய பக்கங்கள் எதிலும் இல்லாதது: "அப்பாவுக்குக் கண் பார்த்தது. இடக்கண் புரை. தைக்குள் செய்யவும்."